அறுபதாவது அட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊர்த் தீயணைப்புச் சங்கு அலறியதும் மார்வா டாக்கெட் சட்டென்று தன் தொண்டர்களைத் திரும்பிப் பார்த்தாள். கோல்டர் ஓடைத் துப்பாக்கிச் சுடுகளத்தில் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு நின்ற பன்னிரண்டு தொண்டர்களும் தீயணைப்புப் படைக்காரர்கள்தான். சம்பளமில்லாத படை, சம்பளமில்லாத தொண்டு, இரண்டுக்கும் அதே ஆட்கள். ஒரே ஆளை இரண்டு வேலைக்கு நம்பினால் ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருடமாகப் போட்டி நாளில் அந்தச் சங்கு ஊதியதே இல்லை.

அவள் கணவன் லோனி, களத்தின் தலைமை அதிகாரி, சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தான்.

"கீழ்க்கரைப் பாலம் முங்கிருச்சாம் மார்வா. நாலு குடும்பம் கூரை மேல நிக்குதாம். நாங்க போய்த்தான் ஆகணும்."

"போகாதேன்னா சொல்றேன்? ஓடு. தண்ணியில வீராப்பு காட்டாதே, சொல்லிட்டேன்."

"இங்க என்ன பண்ணப் போற?"

"எனக்கென்ன தெரியும்? விசிலைக் குடுத்துட்டுப் போ."

அவன் கழுத்திலிருந்த விசிலை அவள் கையில் திணித்துவிட்டு வண்டியேறினான். மூன்று நிமிடத்தில் களம் காலி. புல்லின் மேல் பன்னிரண்டு ஆரஞ்சுச் சட்டைகள் கிடந்தன, உள்ளே ஆள் இல்லாமல்.

என்ன போட்டி, என்ன அவசரம் என்று கேட்டால், சொல்லிவிடுகிறேன். குழாயின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைத் துணியில் சுற்றி, கோலால் குத்திக் கெட்டித்து, குழாயோரத்துச் சின்னத் தட்டில் ஒரு சிட்டிகை மருந்து வைத்து, கல்லை உரசிச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிக்கான வட்டாரப் போட்டி அது. ஆளுக்கு ஐந்து குண்டு. சனிக்கிழமை நடக்க வேண்டியது. சனிக்கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நனைந்த மருந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, கஞ்சி காய்ச்சலாம். ஞாயிற்றுக்குத் தள்ளிப் போட்டார்கள்.

இதில் தலைக்கு மேல் ஒரு கத்தியும் தொங்கிக்கொண்டிருந்தது. வட்டாரச் சங்கம் இந்த வருடம் கடிதம் போட்டிருந்தது. கோல்டர் ஓடைக்குக் கூட்டம் குறைகிறது, ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் அறுபது பேர் ஐந்து குண்டும் சுட்டு முடித்த அட்டை கையில் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடத்திலிருந்து போட்டி நகரத்துச் சிமென்ட் களத்துக்குப் போய்விடும். போனால் போனதுதான், திரும்பாது. வெள்ளிக்கிழமை பெயர் கொடுத்தவர்கள் எழுபத்து நான்கு பேர். மழைக்குப் பயந்து பதினைந்து பேர் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மீதி ஐம்பத்தொன்பது. அறுபதாவதாக மார்வா தன் பெயரையே எழுதிக்கொண்டாள்.

மார்வா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அமைப்பாளர் பதவி இந்த வருடம்தான், அதுவும் அவளே சண்டை போட்டு வாங்கியது. "அம்பது வாலுங்களை ஒரு வண்டியில அடக்கி வெக்கிறவளுக்கு அறுபது கிழடுங்களை ஒரு கோட்டுல நிறுத்தத் தெரியாதா?" என்று துப்பாக்கி மன்றக் கூட்டத்தில் கேட்டிருந்தாள். நன்றாகத்தான் கேட்டாள். இப்போது அந்தக் கேள்வியே அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

வட்டாரச் சங்கத்திலிருந்து வந்திருந்த பார்வையாளர் ஐலீன் பிராண்ட், தோளில் மழைக்கோட்டும் கையில் அட்டைப் பலகையுமாக நடந்து வந்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"கோட்டுக்கு மூணு அதிகாரி, இலக்கு மாத்த ரெண்டு பேர், மேசைக்கு ஒருத்தர். ஆறு பேர் இல்லாம ஒரு குண்டு வெடிக்கக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"போட்டியில பேர் குடுத்தவங்க அந்த வேலை செய்யக் கூடாது. அதுவும் தெரியுமில்ல?"

"அதுவும் தெரியும் மேடம்."

"பதினோரு மணிக்கு நான் கோட்டுல இருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணுவதுதான் அவர் வேலை.

சுடுகிறவர்கள் ஆகாது, படைக்காரர்கள் போயாச்சு, கூட வந்த வீட்டாருக்குத் துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் என்றே தெரியாது. மிச்சம் யார்? கடைக்காரர்கள். ஓடையோரம் இரண்டு வரிசையாகக் கூடாரம் போட்டு, சக்கிமுக்கிக் கல், மான்தோல் பை, கத்தி, மெழுகுவத்தி, பொரித்த ஆப்பிள் பணியாரம் என்று விற்கிற முப்பது பேர். இரண்டு நாளாக ஈ ஓட்டிக்கொண்டு, நனைந்த சரக்கைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மார்வா சேற்றில் சளக்சளக்கென்று அங்கே போனாள்.

"ஆறு பேர் வேணும். அஞ்சு மணி நேரம் போதும். யார் வர்றீங்க?"

எல்லோரும் கூடாரக் கயிற்றை இறுக்குவதில் மும்முரமானார்கள். ஹோமர் ஸ்பர்லாக் மட்டும் வாயைத் திறந்தான். கொம்பும் கல்லும் விற்கிறவன், நூற்றுப்பத்துக் கிலோ உடம்பு, அந்த வரிசைக்கே அவன்தான் நாட்டாமை.

"கடையை யார் பார்க்கிறது, உங்க பார்வையாளர் மேடமா? மூணு நாளா 'கடைக்காரன் கோட்டுப் பக்கம் வராதே, கயிறைத் தாண்டாதே'ன்னு விரட்டினீங்க. இப்ப மட்டும் நாங்க சொந்தக்காரங்களா?"

"போட்டி போயிருச்சுன்னா உனக்கும்தான் கடை இல்ல ஹோமர்."

"சிமென்ட் களத்துலயும் கடை போடுவேன். அங்க சேறு இருக்காது."

பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். திரும்பி நடந்த மார்வாவின் இடுப்பில் அவள் கருமருந்து நிரப்பி வைத்திருக்கும் கொம்பு தட்டித் தட்டி ஆடியது. நாலடி போனவள் நின்றாள். ஹோமரின் கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் திரும்பினாள். எங்கே இருக்கும்? அந்தக் கொம்பின் மேல்தான்.

மாட்டுக் கொம்பைக் குடைந்து, இரண்டு குளிர்காலம் சமையல் மேசையில் உட்கார்ந்து அவளே கீறியது. ஓடையின் வளைவும், களமும், தோகை விரித்த ஒரு வான்கோழியும் அதில் இருந்தன. ஐந்து வருடமாக ஹோமர் அதைக் கேட்கிறான். ஐந்து வருடமாக அவள் "போய் உன் வேலையைப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"கம்பளியை விரி" என்றாள்.

வரிசையில் எல்லாத் தலையும் திரும்பியது. கம்பளி என்றால் அந்தக் கூட்டத்தில் விளையாட்டில்லை. நடுவே ஒரு கம்பளியை விரிப்பார்கள். ஒருவர் ஒரு பொருளை வைப்பார். வேண்டுகிறவர்கள் தங்கள் பொருளை எதிரே வைப்பார்கள். முதலில் வைத்தவர் தலையாட்டினால் கை குலுக்கல். கை குலுக்கிவிட்டால் பெண்டாட்டி வந்து அழுதாலும் திருப்ப முடியாது. காசுக்கு அங்கே வேலையே இல்லை.

சிவப்புக் கம்பளி விரிந்தது. மார்வா கொம்பைக் கழற்றி நடுவில் வைத்தாள். கழற்றும்போது ஒரு கணம் கை வரவில்லை. வைத்துவிட்டாள்.

ஹோமர் மூச்சு வாங்க ஓடிவந்து மான்தோல் பையை வைத்தான். அவள் தலையை இடவலமாக ஆட்டினாள். எலும்புப் பிடி போட்ட கத்தி இரண்டு வைத்தான். இல்லை. தலையிலிருந்த நீர்நாய்த் தோல் தொப்பியையே எடுத்து வைத்தான். கூட்டம் "ஓ" என்றது. இல்லை.

"அடப் பாவி, வேற என்னதான் வேணும் உனக்கு?"

"நீ."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "லோனிக்குத் தெரியுமா?" என்று யாரோ கத்தினார்கள்.

"நீ வேணும் ஹோமர். பதினோரு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும், இந்தச் சட்டைக்குள்ள, இந்த விசிலோட. சம்மதம்னா கம்பளியில ஏறி உட்காரு. கம்பளியில இருந்தாத்தான் செல்லும்."

ஹோமர் கொம்பைப் பார்த்தான், ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தான், தன் தொந்தியைப் பார்த்தான். பிறகு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கம்பளியின் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அந்த வரிசை அப்படிச் சிரித்து இரண்டு நாளாகியிருந்தது. மார்வா குனிந்து கை நீட்டினாள். குலுக்கினார்கள்.

பணியாரக் கடை கிளென்னா புரூயிட் மாவுக் கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தாள். "இவன் கையில விசிலா? ஊர் தாங்குமா? எனக்கும் ஒரு சட்டை குடு மார்வா. இவனை மேய்க்க ஒரு ஆள் வேணாமா?"

"கிளென்னா, உனக்கு நான் என்ன வெக்கிறது?"

"ஒண்ணும் வேணாம் போ. இவன் உத்தரவு போடுறதை ஓசியில பார்க்கப் போறேன், அதுவே போதும்."

அதன்பிறகு நான்கு பேர் வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று அவர்களைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஒருவன் சிரித்துக்கொண்டு ஒரு வேலையில் இறங்கினால் பக்கத்திலிருப்பவனுக்குக் கை அரிக்கும், அவ்வளவுதான். சுடுகிறவர்களின் வீட்டார் வந்து கடைகளில் உட்கார்ந்துகொண்டார்கள்.

பதினோரு மணிக்கு ஐலீன் பிராண்ட் கோட்டுக்கு வந்தபோது ஆறு ஆரஞ்சுச் சட்டைகள் நின்றன. ஹோமருக்குப் பட்டன் போடவில்லை, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்து கிடந்தது. கழுத்தில் விசில், இடுப்பில் மார்வாவின் கொம்பு, கையில் மன்றத்தின் விதிப் புத்தகம். அதை ஒரு மணி நேரத்தில் அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிட்டிருந்தான். அங்கேதான் மார்வா எதிர்பார்க்காத ஒன்று நடந்தது.

ஹோமருக்கு அதிகாரம் பிடித்துப் போய்விட்டது.

"கோட்டுக்கு வர்ற முன்னாடி தட்டுல மருந்து வெச்சவங்க யாரு? நீங்களா? பின்னால போங்க!" மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கியவர் அவர். அவர் வாழ்நாளில் அவரை யாரும் பின்னால் போகச் சொன்னதில்லை. போனார். "காதுல அடைப்பு இல்லாம நிக்கிறது யாரு? இலக்கு மாத்துறவங்க திரும்பி வர்ற வரைக்கும் துப்பாக்கியில கை வெச்சா அட்டையைக் கிழிச்சிருவேன். கெட்டிக்கிறவங்க கிட்டப் பேசாதீங்க! மருந்து போடும்போது மனுஷன் கிட்டப் பேசினா குண்டு வெறுங்குண்டாப் போகும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"விசில் ஊதியே செத்துருவான் போலிருக்கு" என்றாள் கிளென்னா, மதிப்பெண் மேசையிலிருந்து.

ஆனால் வேலை நடந்தது! தடைபட்டுச் சுழலும் சக்கரத்துக்கு எண்ணெய் விட்ட மாதிரி நடந்தது. தடவைக்குப் பன்னிரண்டு பேர் கோட்டில் நின்றார்கள். கல் உரசி, தட்டில் மருந்து பளிச்சிட்டு, டமார் டமாரென்று வெள்ளைப் புகை ஓடை மேல் உருண்டது. பன்னிரண்டு அட்டை. பிறகு இருபத்து நான்கு. ஒரு மணிக்கு வெயில் வந்தது. வெயிலைக் கண்டதும் ஊர்ச்சனமும் வந்தது. பணியாரம் தீர்ந்து மறுபடி பொரித்தார்கள். முப்பத்தாறு. இரண்டரைக்கு லோனியிடமிருந்து சேதி வந்தது, கூரை மேல் நின்றவர்கள் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள், ஒரு நாய்க்குக்கூடக் கீறல் இல்லை. நாற்பத்தெட்டு. மார்வா கயிற்றோரம் இங்கும் அங்கும் ஓடினாள். ஓடின இடமெல்லாம் கேள்வி. கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, என்ன செய்ய? வண்டி நிறுத்தக் கயிறு எங்கே? என் பெயரில் எழுத்துப் பிழை. அவள் ஓடிக்கொண்டே பதில் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். நடக்கப் போகிறது, நடக்கப் போகிறது என்று மனசு குதித்தது.

கடைசித் தடவை மூன்றரைக்கு. பதினொரு பேரும் மார்வாவும். துப்பாக்கியை எடுக்கப் போனவளைக் கிளென்னா கூப்பிட்டாள்.

"மார்வா! மக்காச்சோளப் பொரிக்காரன் வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. ஆம்புலன்ஸ் வழியில குறுக்க நிக்குது!"

ஆம்புலன்ஸ் வழி அடைபட்டால் ஒரு குண்டும் சுடக் கூடாது. விதியைச் சொல்ல ஹோமர் ஏற்கெனவே புத்தகத்தைத் திறந்துவிட்டான். கோட்டைக் கலைத்தால் பன்னிரண்டு அட்டையும் போச்சு.

"கலைச்சிராதே, ரெண்டே நிமிஷம் பொறு!" என்று கத்திக்கொண்டு மார்வா ஓடினாள். பொரிக்காரன் வண்டியை முடுக்கி முடுக்கிச் சக்கரத்தை அச்சு வரை புதைத்து வைத்திருந்தான். "எறங்குய்யா கீழ! எறங்கு!" என்று அவனை இழுத்து இறக்கினாள். இரண்டு பலகையைச் சக்கரத்துக்கு அடியில் திணிக்கச் சொன்னாள், எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தினாள், ஏறி உட்கார்ந்தாள். பனியில் பேருந்து ஓட்டுகிறவளுக்குச் சேறு எம்மாத்திரம்? முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டி ஆட்டி, ஒரு உறுமலில் மேட்டில் ஏற்றிவிட்டாள். பின்னால் தள்ளிய எட்டுப் பேரும் தலை முதல் கால் வரை சேறு. வழி திறந்தது. ஹோமர் விசில் ஊதிக் கடைசித் தடவையைத் தொடங்கினான். ஆனால் இரண்டு நிமிடம் என்பது பதினான்கு நிமிடமாகியிருந்தது. அவள் பாதி வழி வருவதற்குள் மற்றவர்கள் சுடத் தொடங்கிவிட்டார்கள். கோட்டுக்கு வந்து நின்றபோது மூன்று நாற்பத்து நான்கு.

"இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தா உன்னை விடாம கோட்டுக்குக் குறுக்க கயிறைக் கட்டியிருப்பேன்" என்றான் ஹோமர்.

"வாயை மூடு."

"அதிகாரியை மரியாதையாப் பேசணும். எட்டாம் பக்கம்."

யாரோ கடன் கொடுத்த செம்புக் குப்பியிலிருந்து மருந்தை அளந்து கொட்டினாள். துணி, குண்டு, கோல். முதல் குண்டு. அவள் கை இடது இடுப்புக்குப் போய், அங்கே கொம்பு இல்லாததைத் தொட்டு, பிறகு மேசைக்கு வந்தது. இரண்டாவது. மறுபடி அதே இடுப்பு, அதே வெறுமை. மூன்றாவது சுட்டபோது மணி மூன்று ஐம்பது. பத்து நிமிடத்தில் இரண்டு குண்டு. தூக்கத்தில்கூடச் சுடலாம்.

குழாயைத் துடைத்தாள். குப்பியை எடுக்கக் கை நீட்டினாள்.

"மார்வா, பரிசு மேசையை எங்க போடட்டும்?" கிளென்னாதான், மேசையிலிருந்து, பழக்கதோஷம்.

"கொட்டகைக்குள்ள, வடக்குப் பக்கம், மேல் துணி விரிச்சு" என்றாள் மார்வா. சொல்லிக்கொண்டே துணியை வைத்து, குண்டை வைத்து, கோலால் ஓர் அழுத்து அழுத்தினாள்.

கோல் இறங்கியது. இறங்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை. மருந்து போட்டுக் கெட்டித்தால் குழாய் வாயோடு சரியாக நிற்கும் கரிக்கோடு ஒன்று கோலில் உண்டு. அந்தக் கோடு உள்ளே போய் மறைந்துவிட்டது.

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. மூன்று நாளாக ஊருக்கெல்லாம் 'கெட்டிக்கும்போது பேசாதே' என்று பாடம் எடுத்தவள், தானே பேசிக்கொண்டு மருந்தில்லாமல் குண்டைக் கெட்டித்துவிட்டாள். அடி ஆழத்தில் உட்கார்ந்திருந்தது குண்டு, வெளியே தள்ள ஒரு பொட்டு மருந்து இல்லாமல்.

"ஹோமர்."

"என்ன?"

"வெறுங்குண்டு."

மற்ற நாளாயிருந்தால் அந்த வார்த்தைக்குக் களம் கோழி மாதிரிக் கொக்கரிக்கும். அதுதான் வழக்கம், அரசனானாலும் கொக்கரிப்புக் கேட்டே ஆகவேண்டும். இன்று ஒருவரும் கொக்கரிக்கவில்லை. கிளென்னா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாட்சை ரெண்டே ரெண்டு நிமிஷம் நிறுத்து" என்றாள் மார்வா. "வண்டி தள்ளப் போனது களத்து வேலைதானே? அது என் நேரமா?"

ஹோமரின் முகம் சிவந்து வீங்கியது. "பதினாலாம் பக்கம். வெறுங்குண்டுக்கு நேரம் கிடையாது. போட்டவங்களே எடுக்கணும், வேற யாரும் தொடக் கூடாது."

"என் கொம்பை மாட்டிக்கிட்டு எனக்கே சட்டம் சொல்றியா நீ!"

"கை குலுக்கியாச்சும்மா! நாலு மணி வரைக்கும் நான் இந்தச் சட்டைக்குள்ள இருக்கணும்னு கேட்டது யாரு? நான் வாட்சை நிறுத்தினா அந்த மேடம் அட்டையை எடுத்துக்குவாங்களா, கேளு."

மார்வா திரும்பினாள். ஐலீன் பிராண்ட் தலையை மெல்ல இடவலமாக ஆட்டினார்.

"பார்த்தியா? கத்தாதே. ஆறு நிமிஷம் இருக்கு. வேலையைப் பாரு" என்றான் ஹோமர். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் விரித்தான். "அவ கெட்டிக்கிறா! ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது!"

இருநூறு பேர் வாயை மூடினார்கள். குழந்தைகள்கூட மூடின. மூன்று நாளாகக் கேள்வியால் அவளைக் குதறிய அத்தனை வாயும் மூடியதும் ஓடைச் சத்தம் கேட்டது. மார்வாவுக்குக் கண் நிறைந்தது. துடைக்க நேரமில்லை.

ஊசியை எடுத்துக் குழாயின் பக்கத்துத் துளையைக் குத்தினாள். அந்தத் துளை வழியே பொடி மருந்தைச் சிட்டிகை சிட்டிகையாக உள்ளே தட்டினாள். பாதி வெளியே சிந்தியது. இன்னொரு சிட்டிகை. இன்னொன்று. கோலால் குண்டை மறுபடி இறுக்கினாள், தட்டில் மருந்து வைத்தாள், மண்மேட்டைப் பார்த்துக் குதிரையை இழுத்தாள். பொத்தென்று ஒரு சத்தம், கிழவர் தும்முகிற மாதிரி. குண்டு வெளியே வந்து, இருபதடி போய்ப் புல்லில் விழுந்தது. அது கணக்கில் சேராது. ஆனால் குழாய் காலி!

கூட்டம் துள்ளியது, சத்தமில்லாமல். மூன்று ஐம்பத்தாறு.

மருந்து. இந்தத் தடவை அளவைக் கண்ணால் பார்த்தாள், கொட்டுவதையும் பார்த்தாள். துணி, குண்டு, கோல், கரிக்கோடு வாயோடு நின்றது. குறி பார்க்கவெல்லாம் நேரமில்லை, இலக்கு இருக்கும் திசையைப் பார்த்துச் சுட்டாள். நான்கு. குண்டு எந்த ஊருக்குப் போனதோ. மூன்று ஐம்பத்தெட்டு.

மருந்து, துணி, குண்டு, கோல். தட்டு. தூக்கினாள், இழுத்தாள். கல் உரசியது, தட்டில் மருந்து பளிச்சென்று எரிந்தது. அவ்வளவுதான். குழாய் வெடிக்கவில்லை.

ஹோமர் விசிலை வாயில் வைத்துவிட்டான். கண் கைக்கடிகாரத்தில். அவன் உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது, பிரார்த்தனையாக இருக்கலாம், வசவாகவும் இருக்கலாம்.

துளை அடைத்துவிட்டது. ஊசியால் குத்தினாள், ஒரு தடவை, இரண்டு தடவை. கரி கட்டியாக வெளியே வந்தது. தட்டில் மருந்து வைக்கக் குப்பியைக் கவிழ்த்தவள் கை முழுக்கக் கொட்டிக்கொண்டாள். தட்டின் மூடியைச் சாத்தினாள். தூக்கினாள். இழுத்தாள்.

பளிச்.

டமார்!

புகைக்குள்ளிருந்து விசில் அலறியது. எது முன்னே எது பின்னே என்று மார்வாவுக்குத் தெரியவில்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். புகை விலகியது. ஐலீன் பிராண்ட் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோமர் விசிலை எடுக்காமலே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குண்டு மூணு ஐம்பத்தொன்பதும் ஐம்பத்து மூணு நொடியும்" என்றார் ஐலீன். "விசில் சரியா நாலு மணி. அதிகாரி ஒழுங்கா ஊதியிருக்கார்."

"அதிகாரி!" என்று கிளென்னா வீறிட்டாள். அதற்குமேல் அங்கே யார் என்ன கத்தினார்கள் என்று சொல்ல முடியாது. தொப்பிகள் பறந்தன. ஹோமர் நூற்றுப்பத்துக் கிலோவோடு ஓடிவந்து மார்வாவைத் தூக்கினான், சேற்றில் சறுக்கினான், இரண்டு பேரும் விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அவள் அழுதாள், சிரித்தாள், அவன் தோளில் குத்தினாள்.

"கல் நெஞ்சுக்காரா. ரெண்டு நிமிஷம் குடுக்க மாட்டேன்னுட்டியே."

"குடுத்திருந்தா இது செல்லுமா?" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஐந்து மணிக்குக் கொட்டகையில் பரிசு. லோனியும் படைக்காரர்களும் இடுப்பு வரை சேற்றோடு வந்து பின்னால் நின்றார்கள். முதல் பத்துப் பேரை மட்டும் படிப்பதுதான் எந்தப் போட்டியிலும் வழக்கம். ஐலீன் பிராண்ட் பத்தைப் படித்தார், கோப்பைகளைக் கொடுத்தார். கூட்டம் நகரவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு பதினொன்றிலிருந்து தொடர்ந்து படிக்க ஆரம்பித்தார். இருபது, முப்பது, ஐம்பது. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் ஏறிக்கொண்டே போனது. ஐம்பத்தொன்பதைப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அறுபதாவது இடம். மார்வா டாக்கெட். ஐம்பதுக்குப் பதினொண்ணு. இந்தப் போட்டி நடக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இவ்வளவு குறைச்சலா யாரும் எடுத்ததில்லை. வட்டாரப் போட்டி அடுத்த வருஷமும் கோல்டர் ஓடையிலதான்."

கொட்டகைக் கூரை எகிறிவிடும் போல இருந்தது. மூன்று முறை கோப்பை வாங்கியவர் நாற்காலி மேல் ஏறி நின்று கொக்கரித்தார். உடனே இருநூறு பேரும் கொக்கரித்தார்கள். மார்வா அந்தச் சத்தத்துக்கு நடுவில், தலையெல்லாம் சேறும் முகமெல்லாம் கரியுமாக, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சரியா கேக்கலை மேடம். இன்னொரு தடவை படிங்க."

ஐலீன் பிராண்ட் முதல் தடவையாகச் சிரித்தார். பலகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இன்னும் சத்தமாக, மறுபடி படித்தார்.